மழை நின்னாலும் கோபம் நிற்கலை: பேஸ்பால் இறுதிப் போட்டிகளில் ரசிகர்கள் கொதிப்பது ஏன்?

2025 அக்டோபர் 27. லாஸ் ஏஞ்சலஸ் நகரின் டாட்ஜர் ஸ்டேடியம். வேர்ல்டு சீரிஸ் பேஸ்பாலின் 3-வது ஆட்டம், 2-வது இன்னிங்ஸ். இரு அணிகளும் இன்னும் ரன் எடுக்கவில்லை.

டொராண்டோ ப்ளூ ஜேஸ் வீரர் போ பிஷெட் முதல் பேஸில் நிற்கிறார். பேட் பிடித்திருப்பவர் டால்டன் வார்ஷோ. அடுத்த பந்து கேட்சரின் கையுறைக்குள் விழுகிறது. நடுவரிடமிருந்து உடனே சைகை இல்லை. தனக்கு இலவசமாக முதல் பேஸ் கிடைத்துவிட்டது என்று நினைத்த வார்ஷோ நடக்க ஆரம்பித்துவிட்டார். அதைப் பார்த்து பிஷெட்டும் இரண்டாவது பேஸ் பக்கம் நகர்ந்தார். அப்போதுதான் நடுவர் மார்க் வெக்னரின் கை உயர்ந்தது. ஸ்ட்ரைக்! பந்து முதல் பேஸுக்குப் பறந்தது. பேஸை விட்டு விலகி நின்ற பிஷெட் அவுட்.

ஆட்டம் 18 இன்னிங்ஸ் வரை இழுத்தது. 6 மணி நேரம் 39 நிமிடங்கள். கடைசியில் டாட்ஜர்ஸ் 6-5 என ஜெயித்தது. ஒரே ஒரு ரன் வித்தியாசம். கை கொஞ்சம் முன்னாடியே உயர்ந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்ற கேள்வி டொராண்டோ ரசிகர்களை விடவில்லை.

பேஸ்பால் ரசிகர்களுக்கு இந்த எரிச்சல் புதிதல்ல. இறுதிப் போட்டி என்றாலே அவர்கள் இரண்டு விஷயங்களுக்குப் பயப்படுகிறார்கள். ஒன்று மழை, இன்னொன்று அம்பயர். ஒன்று இயற்கை, மற்றொன்று மனிதத் தவறு. ஆனால் கடந்த 40 ஆண்டு சர்ச்சைகளை வரிசையாகப் பார்த்தால், இரண்டிலும் ரசிகர்கள் கேட்பது ஏறக்குறைய ஒரே கேள்விதான்: முடிவெடுப்பது யார், எந்த விதிப்படி, அதை எங்களுக்கு ஏன் முன்கூட்டியே சொல்லவில்லை?

முதலில் அடிப்படை: வேர்ல்டு சீரிஸ்னா என்ன?

அமெரிக்காவின் மேஜர் லீக் பேஸ்பால் தொடரில் (எம்.எல்.பி) 30 அணிகள். ஒவ்வோர் அணியும் ஒரு சீசனில் 162 ஆட்டங்கள் ஆடும். அதிலிருந்து 12 அணிகள் பிளே-ஆஃப் சுற்றுக்குப் போகும். கடைசியில் மிஞ்சும் 2 அணிகள் மோதுவதுதான் வேர்ல்டு சீரிஸ். அதிகபட்சம் 7 ஆட்டங்கள். முதலில் 4 வெற்றி பெறும் அணிக்குக் கோப்பை.

பேட்டர் அடிக்காமல் விட்ட பந்து, ஹோம் பிளேட்டுக்கு மேலே உள்ள கற்பனைப் பெட்டிக்குள் வந்திருந்தால் 'ஸ்ட்ரைக்', வெளியே போயிருந்தால் 'பால்'. 3 ஸ்ட்ரைக் என்றால் அவுட். 4 பால் என்றால் பேட்டருக்கு முதல் பேஸ் இலவசம். அந்தப் பெட்டியின் பெயர் ஸ்ட்ரைக் ஸோன். அது மைதானத்தில் எங்கும் வரையப்பட்டிருக்காது. நடுவரின் மனதில்தான் இருக்கும். சண்டையில் பாதி அங்கிருந்துதான் ஆரம்பிக்கிறது.

மழை வந்தா என்ன ஆகும்? 2008 சொல்லும் கதை

2008-ல் பிலடெல்ஃபியா பில்லீஸ் அணியும் டாம்பா பே ரேஸ் அணியும் மோதின. பிலடெல்ஃபியா நகரத்துக்கு அமெரிக்காவின் பெரிய விளையாட்டு எதிலும் 25 ஆண்டுகளாகக் கோப்பை இல்லை. அந்தப் பசியோடு இருந்த ஊர் அது.

அக்டோபர் 25 அன்று நடக்க வேண்டிய 3-வது ஆட்டம் மழையால் தாமதமாகி, இரவு 10:06 மணிக்குத்தான் தொடங்கியது. முடிந்தபோது அதிகாலை 1:47. இதாவது பரவாயில்லை. பெரிய குழப்பம் 27-ம் தேதி நடந்த 5-வது ஆட்டத்தில் வந்தது.

பில்லீஸ் ஏற்கெனவே 3 வெற்றி பெற்றிருந்தது. இன்னும் ஒன்று ஜெயித்தால் கோப்பை. 5 இன்னிங்ஸ் முடிவில் 2-1 என முன்னிலை. மழை கொட்டுகிறது, தரையில் தண்ணீர் தேங்குகிறது. ஆனாலும் ஆட்டம் தொடர்ந்தது. 6-வது இன்னிங்ஸின் முதல் பாதியில் ரேஸ் வீரர் பி.ஜே. அப்டன் சேற்றில் வழுக்கிக்கொண்டே இரண்டாவது பேஸைத் திருடினார். அடுத்து கார்லோஸ் பெனா அடித்த அடியில் ஓடி வந்து ரன் எடுத்தார். 2-2. அதற்குப் பிறகுதான் ஆட்டத்தை நிறுத்தினார்கள்.

அப்போதைய விதிப்புத்தகப்படி, 5 இன்னிங்ஸ் முடிந்து உள்ளூர் அணி முன்னிலையில் இருக்கும்போது மழை ஆட்டத்தை முடித்துவைத்தால் அதுவே இறுதி முடிவு. அப்படியானால் 5-வது இன்னிங்ஸ் முடிந்ததுமே நிறுத்தியிருந்தால் பில்லீஸ் சாம்பியனா? ஸ்கோர் சமமாகும் வரை காத்திருந்து நிறுத்தினார்களா? கொட்டும் மழையில் நனைந்தபடி நின்ற ரசிகர்களுக்கு இந்தச் சந்தேகம் வந்ததில் ஆச்சரியம் இல்லை.

எம்.எல்.பி ஆணையர் பட் செலிக் பிறகு விளக்கம் தந்தார். முழு 9 இன்னிங்ஸ் ஆடாமல் வேர்ல்டு சீரிஸை முடிக்க விடமாட்டேன் என்று ஆட்டத்துக்கு முன்பே இரு அணிகளிடமும் சொல்லிவிட்டதாகக் கூறினார். அணிகளுக்குத் தெரியும். ஸ்டேடியத்தில் இருந்தவர்களுக்குத் தெரியாது. டிவியில் பார்த்தவர்களுக்கும் தெரியாது. சிக்கல் அங்கேதான்.

வேர்ல்டு சீரிஸ் ஆட்டம் ஒன்று பாதியில் நிறுத்தப்பட்டு வேறொரு நாளில் தொடர்ந்தது அதுவே முதல் முறை. ரேஸ் அணி ஏற்கெனவே ஓட்டல் அறைகளைக் காலி செய்திருந்ததால், பக்கத்து மாநிலமான டெலவேருக்குப் போய்த் தங்க வேண்டியதாயிற்று. 29-ம் தேதி விட்ட இடத்திலிருந்து ஆட்டம் தொடர்ந்தது. பில்லீஸ் 4-3 என ஜெயித்துக் கோப்பையைத் தூக்கியது.

2009 ஜனவரியில் விதி மாறியது. பிளே-ஆஃப் ஆட்டங்கள் எதையும் மழையைக் காரணம் காட்டிப் பாதியில் முடிக்கக் கூடாது, எத்தனை நாள் ஆனாலும் விட்ட இடத்திலிருந்து முழுமையாக ஆடியே தீர வேண்டும். ஆணையரின் வாய்வார்த்தையாக இருந்தது எல்லோரும் படிக்கக்கூடிய விதியானது. "மழையில கோப்பை போயிடுமோ" என்ற பயம் அத்தோடு போயிற்று.

ஆட்டத்தை நிறுத்தச் சொல்வது யார்?

வழக்கமான சீசனில், ஆட்டம் தொடங்கும் முன் தள்ளிவைக்கும் அதிகாரம் பெரும்பாலும் உள்ளூர் அணியிடம் இருக்கும். ஆட்டம் தொடங்கிவிட்டால் அது நடுவரின் கைக்குப் போகும். மழைக்காக நிறுத்தினால், குறைந்தது 30 நிமிடங்கள் காத்திருந்த பிறகுதான் ஆட்டத்தையே கைவிட முடியும்.

பிளே-ஆஃப் சுற்றில் கதை வேறு. அங்கே கடைசி வார்த்தை எம்.எல்.பி ஆணையர் அலுவலகத்துடையது. ஒளிபரப்பு, அடுத்த ஆட்டத்தின் பயணம், வானிலைக் கணிப்பு எல்லாவற்றையும் பார்த்து முடிவெடுப்பார்கள்.

கிரிக்கெட் பார்த்துப் பழகியவர்களுக்கு இங்கே ஒரு வித்தியாசம் புரியும். 2023 ஐ.பி.எல் இறுதிப் போட்டி மழையால் ரிசர்வ் நாளுக்குத் தள்ளிப்போனது. அங்கும் மழை வர, டி.எல்.எஸ் முறைப்படி சென்னை சூப்பர் கிங்ஸுக்கு 15 ஓவரில் 171 என்று இலக்கை மாற்றினார்கள். நள்ளிரவு ஒன்றரை மணியைத் தாண்டி முடிந்தாலும் அன்றே முடிவு தெரிந்தது. பேஸ்பாலில் இப்படிச் சுருக்கிக் கணக்குப் போடும் முறை இல்லை. முழுசாக ஆடணும், இல்லைன்னா காத்திருக்கணும். நேர்மை கூடுகிறது, அதற்கு விலையாக ரசிகரின் நேரம் போகிறது.

மழையால யாருக்கு லாபம்?

தாமதம் வெறும் காத்திருப்பு மட்டும் என்றால் ரசிகர்கள் இவ்வளவு கவலைப்பட மாட்டார்கள். மழை ஆட்டத்தின் போக்கையே மாற்றும். காரணம், பந்து வீசுபவரின் தோள்.

ஆட்டத்தைத் தொடங்கி வைக்கும் பிட்சர் ஒரு நாள் வீசினால், வழக்கமாக அடுத்த 4 நாள் ஓய்வெடுப்பார். ஆட்டம் பாதியில் நீண்ட நேரம் நின்றால் அவர் தோள் இறுகிவிடும், மறுபடி வீச வைப்பது ஆபத்து. அதே நேரம் ஆட்டம் ஒரு நாள் தள்ளிப்போனால், களைத்துப்போன நட்சத்திர பிட்சருக்குக் கூடுதலாக ஒரு நாள் ஓய்வு கிடைக்கும்.

2011-ல் செயின்ட் லூயிஸ் கார்டினல்ஸ் அணிக்கு நடந்தது அதுதான். டெக்சஸ் ரேஞ்சர்ஸுக்கு எதிரான 6-வது ஆட்டம் மழையால் ஒரு நாள் தள்ளிப்போனது. அதனால் 5-வது ஆட்டத்தில் வீசிய கிறிஸ் கார்பென்டர், 3 நாள் ஓய்வோடு 7-வது ஆட்டத்திலும் இறங்க முடிந்தது. கார்டினல்ஸ் 6-2 என ஜெயித்து சாம்பியன் ஆனது.

2022-லும் அப்படித்தான். அக்டோபர் 31 அன்று பிலடெல்ஃபியாவில் நடக்க வேண்டிய 3-வது ஆட்டம் மழையால் மறுநாளைக்குப் போனது. பில்லீஸ் அணி உடனே தன் பிட்சரை மாற்றி, ரேஞ்சர் சுவாரெஸை இறக்கியது. அவர் 5 இன்னிங்ஸ் ரன்னே கொடுக்கவில்லை. அணி 5 ஹோம் ரன் அடித்து 7-0 என ஜெயித்தது. ஆனாலும் கோப்பை கடைசியில் ஹூஸ்டனுக்குத்தான்.

மழையின் மிகப் பிரபலமான 17 நிமிடங்கள் 2016-ல் வந்தன. கிளீவ்லாந்தில் 7-வது ஆட்டம். 9 இன்னிங்ஸ் முடிவில் 6-6. சிகாகோ கப்ஸ் அணி கையிலிருந்த முன்னிலையை 8-வது இன்னிங்ஸில் கோட்டைவிட்டுத் தலை குனிந்து நின்ற நேரம். 1908-க்குப் பிறகு கோப்பையே காணாத அணி அது. அப்போது மழை வந்தது. ஜேசன் ஹேவர்ட் சக வீரர்களை ஜிம் அறைக்குள் அழைத்து நம்பிக்கை சொன்னார். மழை விட்டதும் 10-வது இன்னிங்ஸில் கப்ஸ் 2 ரன் எடுத்து 8-7 என ஜெயித்தது. 108 ஆண்டு காத்திருப்பு முடிந்தது.

சிகாகோக்காரர்களுக்கு அது வரம் தந்த மழை. கிளீவ்லாந்துக்காரர்களுக்கோ, ஆட்டத்தின் சூடு தங்கள் பக்கம் இருந்தபோது வந்து கெடுத்த மழை. அவர்கள் கடைசியாகக் கோப்பை வென்றது 1948-ல். ஆனாலும் அந்த 17 நிமிடத்துக்காக யாரும் நடுவரைக் குற்றம் சொல்லவில்லை. மழை பெய்தது, நிறுத்தினார்கள், விட்டதும் ஆடினார்கள். விதி எல்லோருக்கும் தெரிந்திருந்தது.

அப்போ பகல்ல ஆடலாமே, கூரை போடலாமே?

நியாயமான கேள்விதான். ஆனால் பணமும் நாட்காட்டியும் குறுக்கே நிற்கின்றன.

வேர்ல்டு சீரிஸில் முதல் இரவு ஆட்டம் 1971-ல் நடந்தது. டிவி பார்வையாளர்கள் வீடு திரும்பும் நேரம் என்பதால் அந்த வழக்கம் வேகமாகப் பரவியது. 1987-க்குப் பிறகு பகல் நேர வேர்ல்டு சீரிஸ் ஆட்டமே இல்லை. இப்போது அமெரிக்கக் கிழக்குப் பகுதி நேரப்படி இரவு 8 மணியை ஒட்டித்தான் முதல் பந்து. அதற்கு மேல் ஒன்றரை மணி நேரம் மழை பெய்தால், மறுநாள் வேலைக்கோ பள்ளிக்கோ போக வேண்டிய ரசிகருக்கு ஆட்டம் முடிவதைப் பார்க்கும் வாய்ப்பு கிட்டத்தட்ட இல்லை.

162 ஆட்டங்களும் நீண்ட பிளே-ஆஃபும் முடிந்து வேர்ல்டு சீரிஸ் வரும்போது அக்டோபர் கடைசி. அமெரிக்காவின் வடக்கு நகரங்களில் குளிரும் மழையும் சேரும் காலம். தொடர் நவம்பருக்குள் போவது இப்போது சாதாரணமாகிவிட்டது.

கூரை? டொராண்டோ, ஹூஸ்டன், ஆர்லிங்டன், மியாமி, மில்வாக்கி, சியாட்டில், ஃபீனிக்ஸ் ஆகிய 7 இடங்களில் திறந்து மூடும் கூரை உண்டு. ஆனால் 1912-ல் திறந்த பாஸ்டனின் ஃபென்வே பார்க், 1914-ல் திறந்த சிகாகோவின் ரிக்லி ஃபீல்டு போன்ற பழைய மைதானங்களுக்கு இனிமேல் கூரை போடுவது நடக்காத காரியம். கூரை இருந்தாலும் முழு உத்தரவாதம் இல்லை. டாம்பா பே ரேஸ் அணியின் நிரந்தரக் கூரை கொண்ட மைதானத்தை 2024-ல் மில்டன் புயல் கிழித்துப் போட்டது.

பொதுவான ஒரு மைதானத்தில் நடத்தலாமே என்ற யோசனையும் உண்டு. கொரோனா காலத்தில், 2020-ல் முழு வேர்ல்டு சீரிஸும் டெக்சஸ் மாநிலத்தின் ஆர்லிங்டனில்தான் நடந்தது. ஆனால் சொந்த ஊரில் கோப்பை தூக்குவதைப் பார்க்கும் உரிமையை எந்த ஊர் ரசிகரும் விட்டுக்கொடுக்கத் தயாரில்லை. நனைவோம், ஆனால் எங்க ஊர்லதான் நனைவோம் என்பதே அவர்களின் கட்சி.

அம்பயர் சாபம்: 1985-ல் என்ன நடந்தது?

மழைக்கு விதி வந்துவிட்டது. நடுவர் பிரச்னை இன்னும் முழுசாகத் தீரவில்லை. அதன் வேரைத் தேடினால் எல்லோரும் போய் நிற்கும் இடம் 1985.

கார்டினல்ஸ் - கான்சாஸ் சிட்டி ராயல்ஸ், 6-வது ஆட்டம். கார்டினல்ஸ் 3-2 எனத் தொடரில் முன்னிலை. இந்த ஆட்டத்தில் 1-0 என முன்னிலை. கடைசி இன்னிங்ஸ். இன்னும் 3 அவுட் எடுத்தால் கோப்பை. ராயல்ஸின் ஹோர்ஹே ஓர்டா அடித்த பந்து, அவர் முதல் பேஸை மிதிப்பதற்கு முன்பே பிட்சர் கைக்கு வந்துவிட்டது. ஆனால் நடுவர் டான் டெங்கிங்கர் 'சேஃப்' என்றார். டிவி ரீப்ளேயில் எல்லோரும் பார்த்தார்கள். தெளிவான அவுட்.

ராயல்ஸ் அந்த இன்னிங்ஸில் 2 ரன் எடுத்து 2-1 என ஜெயித்தது. மறுநாள் 7-வது ஆட்டத்தில் 11-0. கோப்பை ராயல்ஸுக்கு. அந்த 7-வது ஆட்டத்தில் ஹோம் பிளேட்டுக்குப் பின்னால் நின்றவரும் அதே டெங்கிங்கர்தான். பிறகு அவருக்கு மிரட்டல்கள் வந்தன. தான் தவறியதை அவர் ஒப்புக்கொண்டார். 2023-ல் அவர் மறைந்தபோதும் செய்திகள் அந்த ஒரே 'சேஃப்'பை வைத்துத்தான் எழுதப்பட்டன.

இதில் பலரும் மறந்துவிடும் ஒரு விவரம் இருக்கிறது. தவறாக 'சேஃப்' ஆன ஓர்டா ரன் எடுக்கவே இல்லை. அதே இன்னிங்ஸில் மூன்றாவது பேஸில் அவுட் ஆகிவிட்டார். இடையில் கார்டினல்ஸ் ஒரு சுலபமான கேட்ச் வாய்ப்பை விட்டது. கேட்சர் ஒரு பந்தைத் தவறவிட்டார். தோல்விக்கு அவையும் காரணம். ஆனால் வீரர்களின் தவறு ஆட்டத்தின் ஒரு பகுதி என்று மனம் ஏற்கிறது, நடுவரின் தவறை ஏற்பதில்லை. எல்லோரும் வீட்டில் பார்த்த உண்மையை, அதைப் பார்க்க வேண்டிய ஒரே ஆள் பார்க்கவில்லையே என்பதுதான் அந்தக் கோபம்.

ரீப்ளே வந்தது. சண்டை தீர்ந்ததா?

2010 ஜூன் 2 அன்று, வேர்ல்டு சீரிஸ் அல்லாத ஒரு சாதாரண ஆட்டம் இந்த விவாதத்துக்குத் தீ மூட்டியது. டெட்ராய்ட் பிட்சர் அர்மாண்டோ கலராகா 26 பேரை வரிசையாக அவுட் ஆக்கியிருந்தார். 27-வது ஆளும் அவுட் ஆனால் 'பெர்ஃபெக்ட் கேம்' என்ற அபூர்வ சாதனை. ஆனால் அவுட்டான அந்த ஆளை நடுவர் ஜிம் ஜாய்ஸ் 'சேஃப்' என்றார். ரீப்ளேயைப் பார்த்ததும் தன் தவறை ஒப்புக்கொண்டு மன்னிப்புக் கேட்டார். மறுநாள் கலராகாவே அவரிடம் வந்து அணிப் பட்டியலைக் கொடுத்தார். நடுவரின் கண்கள் கலங்கின. மனிதர்கள் சமாதானம் ஆகிவிட்டார்கள், சாதனை மட்டும் திரும்பி வரவில்லை.

2008-ல் ஹோம் ரன் சந்தேகங்களுக்கு மட்டும் தொடங்கிய ரீப்ளே, 2014-ல் பெரிதாக விரிந்தது. மேனேஜர் சவால் விடலாம், நியூயார்க்கில் உள்ள மையத்தில் வீடியோவைப் பார்த்து முடிவு சொல்வார்கள். அந்த ஆண்டே வேர்ல்டு சீரிஸின் 7-வது ஆட்டத்தில், முதல் பேஸில் 'சேஃப்' கொடுக்கப்பட்ட எரிக் ஹோஸ்மர் ரீப்ளேயில் அவுட் ஆனார். 1985-ல் இந்த வசதி இருந்திருந்தால் டெங்கிங்கர் சாதாரண ஆளாக ஓய்வு பெற்றிருப்பார்.

ஆனால் எல்லாவற்றையும் ரீப்ளேயில் பார்க்க முடியாது. நடுவரின் 'கருத்து' என்று விதி ஒதுக்கிவைத்திருக்கும் முடிவுகள் பல உண்டு.

2019 வேர்ல்டு சீரிஸின் 6-வது ஆட்டம் அதற்கு உதாரணம். வாஷிங்டன் நேஷனல்ஸ் வீரர் ட்ரே டர்னர் முதல் பேஸுக்கு ஓடும்போது, ஓடுபாதைக்கு வெளியே ஓடி இடைஞ்சல் செய்தார் என்று அவுட் கொடுத்தார்கள். இது ரீப்ளேக்கு உட்பட்ட முடிவே அல்ல. அப்படியிருந்தும் நடுவர்கள் ஹெட்செட்டை மாட்டிக்கொண்டு சில நிமிடங்கள் நியூயார்க்குடன் பேசினார்கள். எதைப் பேசுகிறார்கள் என்று ஸ்டேடியத்தில் யாருக்கும் சொல்லவில்லை. கொதித்துப்போன மேனேஜர் டேவி மார்ட்டினெஸ் வெளியேற்றப்பட்டார். நேஷனல்ஸ் 7-2 என ஜெயித்ததால் பெரிய ரகளை தவிர்ந்தது.

இரண்டு மாற்றங்கள் பிறகு வந்தன. 2022 முதல் ரீப்ளே முடிவுகளை நடுவர்கள் மைக்கில் அறிவிக்கத் தொடங்கினார்கள். 2024 முதல் அந்த ஓடுபாதை அகலமாக்கப்பட்டது.

2021-ல் சான் ஃபிரான்சிஸ்கோ ஜயன்ட்ஸ் அணிக்கு நேர்ந்தது இன்னும் கசப்பு. சீசனில் 107 ஆட்டம் ஜெயித்த அணி. டாட்ஜர்ஸுக்கு எதிரான பிளே-ஆஃப் சுற்றின் கடைசி ஆட்டத்தில் 2-1 எனப் பின்தங்கியிருந்தது. கடைசி பேட்டர் வில்மர் ஃப்ளோரஸ் பேட்டைப் பாதியில் நிறுத்தினார். சுழற்றிவிட்டார் என்று சொல்லி நடுவர் ஸ்ட்ரைக் கொடுத்தார். சீசன் அங்கேயே முடிந்தது. இந்த முடிவைச் சரிபார்க்க விதியில் இடமே இல்லை.

போன்ல தெரியுது, அம்பயருக்குத் தெரியலையா?

பந்து பிட்சர் கையை விட்டு ஹோம் பிளேட்டை அடைய ஏறத்தாழ 0.4 விநாடி ஆகும். ஹோம் பிளேட்டின் அகலம் 17 அங்குலம். அதற்குள் வளைந்து நெளிந்து வரும் பந்தை, குனிந்து நிற்கும் ஒரு மனிதர் கணிக்கிறார். பந்துகளைக் கணக்கெடுத்து வெளியிடும் அம்பயர் ஸ்கோர்கார்ட்ஸ் தளத்தின்படி, எம்.எல்.பி நடுவர்கள் 100-ல் ஏறத்தாழ 94 பந்துகளைச் சரியாகச் சொல்கிறார்கள். மோசம் இல்லை. ஆனால் மீதி 6 பந்துகள் எப்போது வரும் என்பதுதான் பிரச்னை.

ரசிகருக்கோ டிவி திரையிலும் போனிலும் ஒரு கட்டம் தெரிகிறது. பந்து உள்ளேயா வெளியேயா என்று அடுத்த நொடியே புள்ளி வைத்துக் காட்டுகிறது. 1985-ல் தவறு தெரிய ரீப்ளே வேண்டியிருந்தது. இப்போது ஒவ்வொரு பந்துக்கும் தீர்ப்பு ரசிகரின் உள்ளங்கையில். நடுவர்களின் துல்லியம் குறையவில்லை, தவறு கண்ணுக்குத் தெரிவதுதான் கூடியிருக்கிறது.

இதற்கான பதில்தான் 2026 சீசனுக்கு எம்.எல்.பி ஒப்புதல் தந்த ஏ.பி.எஸ் சவால் முறை. மக்கள் இதை 'ரோபோ அம்பயர்' என்கிறார்கள். ஆனால் மனித நடுவர் அப்படியே இருப்பார். கிரிக்கெட்டின் டி.ஆர்.எஸ் மாதிரி, சந்தேகம் வந்தால் மட்டும் கேமராவிடம் கேட்கலாம்.

- ஒவ்வோர் அணிக்கும் 2 வாய்ப்பு. சவால் சரியானால் வாய்ப்பு கழியாது.
- பேட்டர், பிட்சர், கேட்சர் மட்டுமே கேட்கலாம். தொப்பியையோ ஹெல்மெட்டையோ தட்டினால் போதும். வெளியில் உட்கார்ந்திருக்கும் மேனேஜர் சைகை காட்டக் கூடாது.
- ஸ்ட்ரைக் ஸோனின் மேல் எல்லை பேட்டரின் உயரத்தில் 53.5%, கீழ் எல்லை 27%.
- முடிவு ஸ்டேடியத்தின் பெரிய திரையில் எல்லோருக்கும் தெரியும்.

2025-ல் சீசனுக்கு முந்தைய பயிற்சி ஆட்டங்களில் இதைச் சோதித்தார்கள். ஒரு சவாலுக்கு ஆன சராசரி நேரம் 13.8 விநாடி. சவால் விட்டதில் 52.2% முடிவுகள் மாறின. இதைத் திருப்பிப் பார்த்தால் இன்னொன்றும் புரியும். ஹோம் பிளேட்டை ஒட்டி நிற்கும் வீரர்களே, "கண்டிப்பா தப்பு" என்று நினைத்துச் சவால் விட்டதில் ஏறக்குறைய பாதி இடங்களில் நடுவர்தான் சரி.

துல்லியம் மட்டும் போதுமா?

போதாது என்பதற்கும் ஒரு உதாரணம் இருக்கிறது. 2022 வேர்ல்டு சீரிஸின் 2-வது ஆட்டத்தில் நடுவர் பாட் ஹோபர்க், பேட்டர்கள் அடிக்காமல் விட்ட 129 பந்துகளில் 129-ஐயும் சரியாகச் சொன்னதாக அம்பயர் ஸ்கோர்கார்ட்ஸ் கணக்கிட்டது. நடுவர்களில் அவர் ஒரு நட்சத்திரம் ஆனார். 2025 பிப்ரவரியில் எம்.எல்.பி அவரைப் பணிநீக்கம் செய்தது. பேஸ்பாலில் பந்தயம் கட்டிய நண்பர் ஒருவருடன் பந்தயக் கணக்குகளைப் பகிர்ந்துகொண்டார் என்பதே காரணம். ஹோபர்க் தானே பேஸ்பாலில் பந்தயம் கட்டியதற்கோ, ஆட்டத்தை மாற்ற முயன்றதற்கோ ஆதாரம் இல்லை என்றும் எம்.எல்.பி கூறியது. ஆனாலும் சந்தேகத்தின் நிழலே விழக் கூடாது என்பது அந்த வேலையின் விதி.

2018-ல் அமெரிக்க உச்ச நீதிமன்றத் தீர்ப்புக்குப் பிறகு விளையாட்டுப் பந்தயம் பல மாநிலங்களில் சட்டபூர்வமாகிவிட்டது. ஒரே ஒரு பந்து பாலா, ஸ்ட்ரைக்கா என்பதற்குக்கூடப் பணம் கட்டலாம். 2025 நவம்பரில் அத்தகைய பந்தயங்களுக்கு 200 டாலர் உச்சவரம்பு கொண்டுவந்தார்கள். முன்பு தப்பான ஸ்ட்ரைக் ரசிகரின் மனதைத்தான் உடைத்தது. இப்போது சிலருடைய பர்ஸையும் காலி செய்கிறது. நடுவரைப் பற்றிய சந்தேகம் வேகமாகப் பரவ இதுவும் ஒரு காரணம்.

அதோடு ஏ.பி.எஸ் எல்லாவற்றையும் தீர்க்காது. வார்ஷோ விஷயத்தையே எடுத்துக்கொள்ளலாம். பந்து உள்ளே வந்ததா என்று கேமரா சொல்லிவிடும். ஆனால் நடுவரின் கை தாமதமாக உயர்ந்ததையும், அதனால் பிஷெட் ஏமாந்ததையும் எந்தக் கேமராவும் திருத்தாது. பாதியில் நிறுத்திய பேட் சுழன்றதா, ஓடியவர் இடைஞ்சல் செய்தாரா என்பவற்றுக்கும் ஏ.பி.எஸ் பதில் சொல்லாது.

கடைசியில் டொராண்டோவில்…

2025 நவம்பர் 1. அதே தொடரின் 7-வது ஆட்டம், டொராண்டோவில். கூரை உள்ள மைதானம் என்பதால் மழைக்கு வேலையில்லை. 9-வது இன்னிங்ஸ், ஸ்கோர் 4-4. மூன்று பேஸிலும் ஆள். ஒரு ரன் எடுத்தால் 1993-க்குப் பிறகு ப்ளூ ஜேஸுக்கு முதல் கோப்பை.

பேட் பிடித்திருந்தவர் அதே வார்ஷோ. அன்று ஏமாந்து அவுட்டான பிஷெட்டுக்குப் பதிலாக ஓட வந்த ஐசையா கைனர்-ஃபலெஃபா மூன்றாவது பேஸில். வார்ஷோ தட்டிய பந்தை மிகெல் ரோஹாஸ் பிடித்துத் தடுமாறியபடியே ஹோம் பிளேட்டுக்கு எறிந்தார். அவுட். மயிரிழை வித்தியாசம். ரீப்ளேயில் பார்த்தார்கள். அவுட்தான் என்று முடிவானது. டாட்ஜர்ஸ் 11-வது இன்னிங்ஸில் 5-4 என ஜெயித்தது.

டொராண்டோ அழுதது. ஆனால் அடுத்த பல நாட்கள் ரசிகர்கள் வாதாடியது பெரும்பாலும் நடுவரைப் பற்றி இல்லை. கைனர்-ஃபலெஃபா மூன்றாவது பேஸிலிருந்து இன்னும் ரெண்டு அடி முன்னால் நின்றிருக்கலாமே என்றுதான். 3-வது ஆட்டத்தில் ஒரு சைகையின் தாமதத்தைப் பேசிய அதே ரசிகர்கள், கோப்பையே பறிபோன 7-வது ஆட்டத்தில் ஆட்டத்தைப் பற்றிப் பேசினார்கள்.

தோற்றாலும் தாங்கிக்கொள்ளலாம், எப்படித் தோற்றோம் என்பது கண்ணெதிரே தெளிவாக இருந்தால். மழைக்கு 2009-ல் எழுதிய விதி அதைச் செய்தது. ஏ.பி.எஸ் முறை அதை ஒவ்வொரு பந்துக்கும் செய்ய முடியுமா என்பதற்கான உண்மையான பரீட்சை, வேர்ல்டு சீரிஸ் ஆட்டம் ஒன்றின் கடைசி இன்னிங்ஸில், யாரோ ஒரு பேட்டர் ஹெல்மெட்டைத் தட்டும்போதுதான் நடக்கும்.